லைட்டான டிராக் காருக்கு எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்? ஒரு பழைய ஸ்விஃப்ட்டை வச்சு ஒரு கணக்கு

போன மாசம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணான். "அண்ணா, பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் ஒண்ணு எடுத்து பின் சீட்டு, கார்பெட் எல்லாம் கழட்டிட்டேன், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிராக் டே (நம்ம வண்டிய டிராக்ல ஓட்டிப் பாக்கற நாள்) போகப்போறேன், ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கவா இல்ல கோடு போட்ட டிஸ்க் வாங்கவா"ன்னு. டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற பேட் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, பிரேக் ஆயில் பேச்சே எடுக்கல. இந்த ஒரு வருஷத்துல இதே கேள்வியை இதே மாதிரி ஆறேழு பேராவது கேட்டிருப்பாங்க. டிஸ்க் கண்ணுக்குத் தெரியுது, வீல் வழியா பளபளன்னு நிக்குது, அதனால காசும் முதல்ல அங்கதான் போகுது. ஆனா லைட்டான காருக்கு வரிசை அப்படியே தலைகீழ்: முதல்ல ஆயில், அப்புறம் பேட், அப்புறம் டிஸ்க்குக்கு காத்து போற வழி, கடைசியாத்தான் டிஸ்க். ஏன்னு விலாவாரியா எழுதிடறேன், இனிமே கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்.

நான் ஓட்டுறதும் முதல் ஜெனரேஷன் ஸ்விஃப்ட் 1.3 தான், 2005ல வந்த மாடல். முன்னாடி வென்டிலேட்டட் டிஸ்க் (நடுவுல காத்து போக இடைவெளி இருக்கிற டிஸ்க்), பின்னாடி டிரம், ஏபிஎஸ் கிடையாது. உள்ள இருந்ததெல்லாம் கழட்டினதுக்கப்புறம் நான் உக்காந்து பெட்ரோலும் போட்டா கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ. போலோ, பழைய ஜென், எஸ்டீம், ஐ10 வச்சிருக்கவங்களுக்கும் இதுல பெரும்பாலானது அப்படியே பொருந்தும்.

எதை எல்லாம் வச்சு முடிவு பண்ணணும்

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு விஷயத்தை எழுதி வச்சுக்கோங்க.

ஒண்ணு, உங்க வண்டி நிஜமா எவ்வளவு சூடு உண்டாக்குது. ரெண்டு, குளிர்ந்த பேட்லயும் பிரேக் பிடிக்கணுமா, அதாவது அதே வண்டிய வீட்லேர்ந்து ஓட்டிட்டு டிராக்குக்குப் போய் திரும்ப ஓட்டிட்டு வர்றீங்களா இல்ல டிரெய்லர்ல ஏத்திட்டுப் போறீங்களா. மூணு, என்ன டயர், ஏன்னா டயர் தாங்குற அளவுக்கு மேல பிரேக் பிடிச்சா வீல் லாக் ஆகும், அவ்ளோதான். நாலு, முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற பேலன்ஸ். அஞ்சு, ஒரு வருஷத்துக்கு மொத்த செலவு, அதாவது பேட் விலையோட அந்த பேட் தின்னுற டிஸ்க்கும் சேர்த்து.

முதல் பாயிண்ட்ல கொஞ்சம் நிக்கணும், மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான் வருது. பிரேக் பண்றதுன்னா வண்டியோட ஓட்டத்த சூடா மாத்தறது. ஆயிரம் கிலோ வண்டி மணிக்கு 150 கிமீ வேகத்துலேர்ந்து 70க்கு இறங்கினா சுமார் 680 கிலோஜூல் சூடு. காத்தும் இன்ஜினும் கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சத்துல முக்கால்வாசி முன் பிரேக்குக்குப் போகும்னு வச்சுக்கோங்க, அப்போ ஒரு டிஸ்க்குக்கு 250 கிலோஜூல் மாதிரி வரும். ஒரு டிஸ்க் அஞ்சு கிலோ இரும்புன்னா அந்த ஒரே ஒரு பிரேக்கிங்ல டிஸ்க் 100 டிகிரி ஏறிடும். அடுத்த கார்னர் வர்றதுக்குள்ள காத்துல கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும், ரெண்டு மூணு லேப்ல ஒரு இடத்துல வந்து நிக்கும். எந்த பேட்னு முடிவு பண்றது அந்த நிக்கிற இடம்தான்.

இதே வேலைய 1400 கிலோ செடான் பண்ணா 950 கிலோஜூல். அதாவது நீங்க சீட்டைக் கழட்டினப்பவே பிரேக்கோட பாரத்துல ஒரு பங்கக் கழட்டிட்டீங்க. 1996ல வந்த முதல் லோட்டஸ் எலிஸ்ங்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 700 சொச்சம் கிலோதான், அவ்வளவு லைட்டா இருந்ததாலதான் ஆரம்பத்துல அலுமினியம் கலவைல டிஸ்க் செஞ்சு போட முடிஞ்சுது, அப்புறம்தான் இரும்புக்கு மாறினாங்க. அமெரிக்காவுல மாஸ்டா மியாட்டாங்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குன்னே ஸ்பெக் மியாட்டான்னு ஒரு ரேஸ் கிளாஸ் இருக்கு, சின்ன டிஸ்க்கும் ஒத்தை பிஸ்டன் காலிப்பரும் (பேடை டிஸ்க் மேல அமுக்கற பார்ட்) வச்சுக்கிட்டே வருஷக்கணக்கா பம்பர் உரசி ரேஸ் ஓடுறாங்க. நம்ம கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதிங்கிற ரேஸ் கார் கட்டினதுலயும் இதே பாடம் இருக்கு, எடை குறைஞ்சா மத்த எல்லா பார்ட்டுக்கும் வேலை குறையும்.

ஆனா வேகம் விஷயத்துல ஏமாந்துடாதீங்க. சூடு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் பத்து பர்சென்ட் கூடினா சூடு 21 பர்சென்ட் கூடும். இன்ஜின் வேலை பண்ணி ஸ்ட்ரெயிட்ல கூட பதினஞ்சு கிமீ வருதுன்னா பழைய பேட் கணக்கு செல்லாது.

அதுக்கு முன்னாடி பிரேக் ஆயில்

என் முதல் டிராக் டேல நாலாவது லேப். மெயின் ஸ்ட்ரெயிட் முடிவுல பெடல மிதிச்சேன், கால் அப்படியே உள்ள போச்சு, பஞ்சு மேல மிதிச்ச மாதிரி. எடுத்து ரெண்டாவது தடவை வேகமா மிதிச்சேன், கொஞ்சம் பிடிச்சுது, அதுக்குள்ள வண்டி டிராக்கைத் தாண்டி மண்ணுல இறங்கிடுச்சு. யாருக்கும் எதுவும் ஆகல. பிட்டுக்கு வந்து பாத்தா முன் வீல் ரெண்டும் புகை, எல்லாரும் "பேட் போச்சு, நல்ல பேட் போடு"ன்னாங்க. அரை மணி நேரம் ஆறினதுக்கப்புறம் பெடல் பழையபடி வந்துடுச்சு, பேடைக் கழட்டிப் பாத்தா நல்லாத்தான் இருந்துது. கொதிச்சது ஆயில். பழைய ஓனர் எப்போ மாத்தினாரோ தெரியாது, ஊத்தி எடுத்தப்ப டீ கலர்ல வந்துது.

இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க, ஆயிரக்கணக்குல ரூபா மிச்சமாகும். பெடல் கெட்டியா இருக்கு ஆனா வண்டி நிக்கல – பேட் சூட்டுல தோத்துடுச்சு. பெடல் கொழகொழன்னு உள்ள போகுது – ஆயில் கொதிச்சு ஆவி வந்துடுச்சு, இல்ல லைன்ல காத்து. ரெண்டாவது பிரச்சனைக்கு உலகத்துலயே காஸ்ட்லியான டிஸ்க் வாங்கிப் போட்டாலும் பெடல் உள்ளதான் போகும்.

பிரேக் ஆயில் டப்பால டாட்னு ஒரு தர நம்பர் இருக்கும். டாட் 3 ஆயிலோட கொதிநிலை புதுசா இருக்கறப்ப குறைஞ்சபட்சம் 205 டிகிரி, ஈரம் ஏறினா 140. டாட் 4 புதுசுல 230, ஈரத்துல 155. டாட் 5.1 புதுசுல 260, ஈரத்துல 180. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல அது சீக்கிரமே நடக்கும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதுசுல 312 டிகிரி தாங்கும், ஆனா அதையும் வருஷக்கணக்குல வச்சிருந்தா பிரயோஜனம் இல்ல. டிராக் போறதுக்கு முந்தின வாரம் பழசை முழுசா வெளிய தள்ளி புதுசு ஊத்தி நாலு வீல்லயும் ஏர் எடுத்துடுங்க, டாட் 4 ஸ்பெக்லயே நல்லது போதும். டாட் 5ன்னு சிலிகான் ஆயில் தனியா இருக்கு, அது 5.1க்கு அண்ணன் தம்பி கிடையாது, வாங்கிடாதீங்க.

இன்னொண்ணு, பின்னாடி டிரம் இருக்கிற வண்டில பெடல் நீளமா போறதுக்கு பாதி நேரம் காரணம் டிரம் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்து கிடக்கறதுதான். டிரம்மைக் கழட்டி தூசி தட்டி ஷூவை சரியா அட்ஜஸ்ட் பண்ணுங்க. சிங்கிள் ரூபா செலவில்லாம பெடல் ஒரு இஞ்ச் மேல வரும், அதுக்கப்புறம்தான் பேட் பேச்சு.

பேட்: மூணு ரகம்

*ஸ்டாக் ரகம், நல்ல கம்பெனி*

நம்ம சென்னையே பிரேக்குக்குப் பேர் போன ஊர், பாடியில பிரேக்ஸ் இந்தியா இருக்கு, அம்பத்தூர்ல ரானே இருக்கு, ஜிபி ரோட்டுல போய் நின்னா உங்க வண்டிக்கு பேட் இல்லன்னு சொல்ற கடை அபூர்வம். குளிர்ல முதல் மிதிலயே பிடிக்கும், சத்தம் வராது, டிஸ்க்கை தின்னாது, விலையும் கம்மி.

டிராக்ல இதோட எல்லை 300 டிகிரியத் தாண்டும்போது தெரியும். பேடுக்குள்ள இருக்கிற ரெசின் வேக ஆரம்பிச்சு நாத்தம் வரும், பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி வழுக்கிட்டே போகும். பேட் முகம் கண்ணாடி மாதிரி மினுக்கும். டப்பால இல்ல பேட் ஓரத்துல எஃப்எஃப், ஜிஜின்னு ரெண்டு எழுத்து அச்சடிச்சிருக்கும், முதல் எழுத்து சாதாரண சூட்டுல இருக்கிற பிடிமானம், ரெண்டாவது நல்ல சூட்டுல. எஃப்னா 0.35லேர்ந்து 0.45, ஜின்னா 0.45லேர்ந்து 0.55. வாங்கறப்ப இதைப் பாருங்க, ரெண்டாவது எழுத்து முதல் எழுத்தை விட கீழ இறங்கற பேட் டிராக்குக்கு வேண்டாம். ஆனா அந்த டெஸ்ட்ல ஏத்தறதே 340 டிகிரி மாதிரிதான், அதனால ஜிஜின்னு போட்டிருக்குன்னு 500 டிகிரிலயும் பிடிக்கும்னு நம்பிடக் கூடாது.

யாருக்கு: ஆட்டோகிராஸ், ஸ்லாலம் மாதிரி ஒரு நிமிஷத்துல முடியற ஈவென்ட் ஓட்டறவங்களுக்கு இதை விட நல்ல பேட் கிடையாது, ஏன்னா அங்க பேட் சூடாகவே நேரம் இல்ல. முதல் தடவை டிராக் போறவங்களுக்கும் இதுவே போதும், மூணு லேப் ஓட்டி ஒரு லேப் ஆறப் போட்டு ஓட்டற பழக்கம் வந்துடும்.

*ரோடும் டிராக்கும் சேர்ந்த ரகம்*

ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப், ஹாக் எச்பி பிளஸ் எல்லாம் இந்தக் கூட்டம். டிஎஸ்2500க்கு கம்பெனி சொல்றது 20லேர்ந்து 500 டிகிரி வரைக்கும். ஆயிரம் கிலோ வண்டிக்கு இந்த ரகம்தான் கச்சிதம்னு நான் அடிச்சு சொல்வேன். காலைல பூந்தமல்லி சிக்னல்ல பேட் பச்சத் தண்ணி மாதிரி இருக்கறப்பவும் நிக்கும், மத்தியானம் பத்தாவது லேப்லயும் நிக்கும்.

மறைஞ்சிருக்கிற செலவு இங்க என்னன்னா, முதல்ல தூசி. கருப்பா கொட்டும், அலாய் வீல்ல சூட்டோட ஒட்டிக்கும், அது மேல தண்ணி பட்டு ரெண்டு நாள் விட்டா துரு மாதிரி பிடிச்சுக்கும், அப்புறம் எவ்வளவு தேச்சாலும் போகாது. அடுத்து சத்தம், மெதுவா நிறுத்தறப்ப பஸ் பிரேக் மாதிரி கத்தும். மூணாவது, கிடைக்கறது. நம்ம வண்டிக்கு நேரா லிஸ்ட்டுல இல்லாம போகலாம், வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து பேட் விலைய எங்கயோ கொண்டு போயிடும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பழைய பேடைக் கழட்டி பேக்பிளேட்டோட (பேடுக்குப் பின்னாடி இருக்கிற இரும்புத் தகடு) நீளம், அகலம், தடிமன், ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற காது இருக்கிற இடம் எல்லாத்தையும் ஸ்கேல் வச்சு அளந்து கம்பெனி டிராயிங்கோட ஒப்பிட்டுப் பாருங்க. பேர் ஒண்ணா இருந்தும் காது ரெண்டு மில்லி தள்ளி இருந்ததால திருப்பி அனுப்பின கதை எனக்கே இருக்கு.

*முழு ரேஸ் ரகம்*

ஃபெரோடோ டிஎஸ்1.11, பேஜிட் ஆர்எஸ்29 இந்த மாதிரி. சூடு ஏறினா இதோட சுகமே தனி, கால் எவ்வளவு அழுத்துதோ அவ்வளவு பிடிக்கும், விட்டா உடனே விடும். லேப் லேப்பா ஒரே மாதிரி இருக்கும்.

ஆனா லைட் கார்ல இதுக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கு, பேட் கேக்கிற சூட்டை வண்டி குடுக்கவே குடுக்காது. ரோடு டயர் போட்ட ஆயிரம் கிலோ வண்டி, நடுவுல நாலு கார் டிராஃபிக், ஒரு மழை செஷன், அவ்வளவுதான், பேட் அரைத் தூக்கத்துலயே இருக்கும். அந்த நிலைமைல அது தன் பொருளையே மெல்லிசா டிஸ்க் மேல படலமா போடாம உப்புத்தாள் மாதிரி டிஸ்க்கை அரைக்கும். ரோட்டுல ஓட்டினா முதல் சிக்னல்ல ஒரு கார் நீளம் தள்ளி நிப்பீங்க. குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்தா அந்த ஒரு கார் நீளம் எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. ரேஸ் பேடோட தெருவுல ஓட்டறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பேலன்ஸ் விஷயமும் இங்கதான் கடிக்கும். முன்னாடி மட்டும் கடுமையான பேட் போட்டு பின்னாடி அதே பழைய டிரம் ஷூன்னா மொத்த வேலையும் முன் வீல் மேல விழும். ஏபிஎஸ் இல்லாத வண்டில முன் வீல் சீக்கிரம் லாக் ஆகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், நிக்கிற தூரம் கூடவும் செய்யும். செமி ஸ்லிக் டயர் (பள்ளம் கம்மியா, பிடிமானம் கூட இருக்கிற டிராக் டயர்) போட்டா கொஞ்சம் சமாளிக்கும், ஏன்னா டயர் பிடிமானம் கூடினாத்தான் கடுமையான பேடுக்கு வேலையே இருக்கு.

யாருக்கு: டிரெய்லர்ல வர்ற வண்டி, செமி ஸ்லிக் இல்ல ஸ்லிக், இன்ஜின்ல வேலை பண்ணது, இருபது நிமிஷம் நிக்காம ஓட்டற செஷன். இதுல நாலும் இருந்தா தாராளமா போங்க. ரெண்டுதான் இருக்குன்னா ரெண்டாவது ரகத்துலயே இருங்க.

டிஸ்க்: எதுக்கு எவ்வளவு

*பிளைன் வென்டிலேட்டட்.* கோடு இல்ல, ஓட்டை இல்ல, கடைல கிடைக்கிற நல்ல கம்பெனி சாதா டிஸ்க். என் வண்டில எப்பவும் இதுதான், லைட் காருக்கு இதுதான் என் சிபாரிசும். டிஸ்க்கோட முதல் வேலை சூட்டை உள்ள வாங்கி வச்சுக்கறது, அதுக்கு இரும்பு எடைதான் வேணும், ரெண்டாவது வேலை உள்ள இருக்கிற ரெக்கை வழியா காத்துல விடறது. ரெண்டுமே பிளைன் டிஸ்க் நல்லா பண்ணும். ஒரு செட் ரேஸ் பேட் விலைல இதுல ஒரு ஜோடி வாங்கிட்டு அன்னைக்கு பெட்ரோலும் போட்டுக்கலாம். அதனால இதை டயர் மாதிரி தேயற சாமானா நினைச்சு, எக்ஸ்ட்ரா ஒரு ஜோடி டிக்கில போட்டு வச்சிருங்க.

*கோடு போட்டது, அதாவது முகத்துல பள்ளமா கோடு வெட்டினது.* கோடு பேட் முகத்த லேசா சீவிக்கிட்டே இருக்கும், அதனால மினுமினுப்பு ஏறாது, மழைல தண்ணியும் தூசியும் வெளிய போகும், முதல் கடி கொஞ்சம் கூர்மையா இருக்கும். பேட் சீக்கிரம் தேயும், ஒரு மாதிரி ஊதல் சத்தம் வரும். ரேஸ் ரக பேட் போடறவங்களுக்கு இது நல்ல ஜோடி. ரெண்டாவது ரக பேட்க்கு இதனால பெருசா ஒண்ணும் கூடிடாது, ஆனா கெடுதலும் இல்ல.

*ஓட்டை போட்டது.* தம்பி ஆசைப்பட்டது இதைத்தான். அந்தக் காலத்து பேட்ல சூடு ஏறினா கேஸ் வெளிய வந்து பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல நிக்கும், அது போக வழி வேணும்னு ஓட்டை போட்டாங்க. இப்போ வர்ற பேட்ல அந்தப் பிரச்சனை ரொம்பக் குறைஞ்சுடுச்சு. ஓட்டை போட்ட இடத்துல இரும்பு இல்ல, அதனால சூடு தாங்கற அளவு குறையும், அதோட ஒவ்வொரு ஓட்டை விளிம்புலேர்ந்தும் விரிசல் கிளம்பும். கம்பெனிலேர்ந்தே அப்படி டிசைன் பண்ணி வர்ற வண்டி வேற, சாதா டிஸ்க்கை எடுத்து டிரில்லிங் மெஷின்ல ஓட்டை போட்டு விக்கறாங்களே அது வேற. ரெண்டாவது சொன்னதை டிராக்ல போடவே போடாதீங்க. ஒரு பிட்ல பக்கத்து வண்டிலேர்ந்து கழட்டினதைக் கைல வாங்கிப் பாத்தேன், மூணு ஓட்டைய சேர்த்து ஒரு கோடு விளிம்பு வரைக்கும் வந்திருந்துது, நகம் வச்சா நகம் மாட்டிச்சு. இன்னும் ஒரு செஷன் ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த வண்டிக்காரர் முகத்துலயே தெரிஞ்சுது.

*ரெண்டு பீஸ், நடுவுல அலுமினியம்.* இரும்பு வளையம் தனியா, அலுமினியம் தொப்பி தனியா. சூட்டுல வளையம் தாராளமா விரியும், வளையாது, டிஸ்க்குக்கு ஒரு கிலோவோ அதுக்கு மேலயோ எடை மிச்சம், அதுவும் சுத்தற எடை. பெரிய டிஸ்க் இருக்கிற வேகமான வண்டிக்கு அருமையான விஷயம். நம்ம சின்ன டிஸ்க்ல மிச்சமாகிற எடை கம்மி, பெரும்பாலும் ஆர்டர் குடுத்துதான் செய்யணும், வளையம் தேஞ்சா அதே வளையம் மறுபடி கிடைக்கணும், வளையத்தையும் தொப்பியையும் சேர்க்கற பாபின் தேஞ்சு கடகடன்னு சத்தம் வரும். கரெக்டான காரணம் இருந்தா மட்டும் போங்க.

*பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் கிட்.* பெரிய டிஸ்க்னா வண்டி சீக்கிரம் நிக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு. உங்க இப்போதைய பிரேக்கால வீலை லாக் பண்ண முடியுதுன்னா நிக்கிற தூரத்த டயர்தான் முடிவு பண்ணுது, பெரிய கிட் குடுக்கறது சூடு தாங்கற சக்தி மட்டும்தான். அதுக்கு பதிலா பெரிய வீல் வேணும், வீல்ல எடை கூடும், பிஸ்டன் அளவு மாறி பெடல் நீளமாகும், முன்பக்கம் ஓவர் பேலன்ஸ் ஆகும். லைட்டா இருக்கணும்னு சீட்டைக் கழட்டிட்டு வீல்ல எடைய ஏத்தறது எனக்கு மனசு ஒப்பல.

| | குளிர்ல பிடிப்பு | சூட்டுல பிடிப்பு | மறைஞ்ச செலவு | எப்போ நல்லது |
|---|---|---|---|---|
| ஸ்டாக் பேட் | அருமை | 300 டிகிரிக்கு மேல கஷ்டம் | பெருசா இல்ல | ஆட்டோகிராஸ், முதல் டிராக் டே |
| ரோடு-டிராக் பேட் | நல்லா இருக்கும் | நல்லா இருக்கும் | தூசி, சத்தம், கஸ்டம்ஸ் | ஓட்டிட்டுப் போய் ஓட்டிட்டு வர்றவங்க |
| ரேஸ் பேட் | மோசம் | அருமை | டிஸ்க் தேய்மானம், பேலன்ஸ் | டிரெய்லர், செமி ஸ்லிக் |
| பிளைன் டிஸ்க் | – | போதும் | இல்ல | கிட்டத்தட்ட எல்லாருக்கும் |
| கோடு போட்ட டிஸ்க் | – | கொஞ்சம் கூட | பேட் தேய்மானம் | ரேஸ் பேடோட, மழைல |
| ஓட்டை போட்ட டிஸ்க் | – | குறையும் | விரிசல் | டிராக்குக்கு வேண்டாம் |
| ரெண்டு பீஸ் | – | நல்லா இருக்கும் | வளையம், பாபின் | பெரிய டிஸ்க், பெரிய வேகம் |

டிஸ்க்குக்கு பதிலா காசு போக வேண்டிய இடம்

டிஸ்க்குக்குப் பின்னாடி ஒரு தகரம் இருக்கும், டஸ்ட் ஷீல்டு. டிராக் மட்டும் ஓடற வண்டினா அதுல ஒரு வட்டம் வெட்டி பம்பர்லேர்ந்து ரெண்டரை, மூணு இஞ்ச் ஹோஸ் கொண்டு வந்து டிஸ்க்கோட நடுப்பகுதிக்கு காத்தைக் குடுங்க. டிஸ்க் நடுவுலேர்ந்து காத்தை உறிஞ்சி ஓரமா வெளிய தள்ளற மாதிரிதான் உள்ள ரெக்கை இருக்கு, ஒரு பக்க முகத்துல மட்டும் காத்து அடிச்சா ஒரு பக்கம் மட்டும் ஆறி இன்னொரு பக்கம் கொதிக்கும். ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி ஹோஸ் டயர்ல உரசுதான்னு பாருங்க.

காலிப்பர் ஸ்லைடு பின்னைக் கழட்டி துடைச்சு சிலிகான் கிரீஸ் வைங்க. பின் இறுகினா ஒரு பக்க பேட் சாய்வா தேயும், அதை நிறைய பேர் "பேட் குவாலிட்டி சரியில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. பேட் பாதி தேஞ்சதும் டிராக்குக்கு புதுசு போட்டுடுங்க, மெலிசான பேட் வழியா சூடு நேரா பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். பாதி தேஞ்சதை ரோட்டுக்கு வச்சுக்கலாம், வீணாப் போகாது.

அப்புறம் பெடிங், அதாவது புது பேடை டிஸ்க்கோட பழக்கறது. நூறு கிமீ வேகத்துலேர்ந்து முப்பது வரைக்கும் எட்டு பத்து தடவை, முழுசா நிக்காம, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுத்தம் கூட்டி, அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கே தொடாம ஓட்டி ஆற விடணும். ஈசிஆர்ல ராத்திரி போய் பண்ணாதீங்க, பின்னாடி வர்றவனுக்கு நீங்க என்ன பண்றீங்கன்னு தெரியாது. டிராக்ல முதல் செஷனை இதுக்கே ஒதுக்குங்க. ரேஸ் பேட்க்கு கம்பெனியே தனி முறை குடுத்திருக்கும், அதுதான் கணக்கு.

செஷன் முடிச்சு பிட்டுக்கு வந்ததும் பிரேக்ல கால வச்சுக்கிட்டே நிக்காதீங்க, ஹேண்ட்பிரேக்கும் போடாதீங்க, கியர்ல விட்டு வீலுக்கு கல்லு வைங்க. கொதிக்கிற பேட் ஒரே இடத்துல ஒட்டினா அங்க ஒரு படலம் பதிஞ்சு, அடுத்த செஷன்ல பெடல் உதறும். இதைத்தான் "டிஸ்க் வளைஞ்சுடுச்சு"ன்னு லேத்துக்குக் கொண்டு போறாங்க, லேத்துல சீவினா டிஸ்க் மெலியும், மெலிஞ்சா அடுத்த தடவை இன்னும் சூடாகும். டிஸ்க்லயே குறைஞ்சபட்ச தடிமன் அடிச்சிருக்கும், அதுக்குக் கீழ போனா தூக்கிப் போட்டுடுங்க. முகத்துல மயிரிழை மாதிரி கோடுகள் டிராக்ல ஓடின எல்லா டிஸ்க்லயும் வரும், பயப்பட வேண்டாம், ஆனா நகம் மாட்டற அளவுக்கு ஆழமா இருந்தாலோ விளிம்பைத் தொட்டாலோ அன்னைக்கே கழட்டுங்க.

அதோட, பேட் ரகம் மாத்தறப்ப அதே டிஸ்க்ல போடாதீங்க. ஒரு பேட் போட்ட படலத்து மேல இன்னொரு பேட் ஒழுங்கா உக்காராது. ரோடு பேடுக்கு ஒரு ஜோடி டிஸ்க், டிராக் பேடுக்கு ஒரு ஜோடின்னு வச்சுக்கிட்டு ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. பிளைன் டிஸ்க் வாங்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், ஓட்டை போட்டதோ ரெண்டு பீஸோ ரெண்டு ஜோடி வாங்க யாருக்கு கட்டுப்படியாகும்.

தம்பிக்கு சொன்னது

அவன் வண்டி ரோடு டயர், வீட்லேர்ந்து ஓட்டிட்டு வர்றான், வருஷத்துக்கு மூணு நாலு டிராக் டே. அதனால ரெண்டாவது ரக பேட், பிளைன் டிஸ்க் ரெண்டு ஜோடி, நல்ல டாட் 4 ரேஸ் ஆயில், பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட். டிஸ்க்குக்குன்னு அவன் எடுத்து வச்சிருந்த காசுலயே இது எல்லாம் முடிஞ்சு கொஞ்சம் மிச்சம் இருந்துது, அதுல தெர்மல் பெயிண்ட் வாங்க வச்சேன். மூணு கலர் வரும், டிஸ்க்கோட வெளி விளிம்புல, பேட் படாத இடத்துல மூணு கோடு இழுக்கணும். பச்சை 430 டிகிரில நிறம் மாறும், ஆரஞ்சு 560ல, சிவப்பு 610ல. பிட்ல வந்து தெர்மாமீட்டர் கன் வச்சு அளக்கறது அதுக்குள்ள ஆறிப்போன டிஸ்க்கை, இது ஓடறப்ப இருந்த உச்ச சூட்டைச் சொல்லிடும்.

இருங்காட்டுக்கோட்டைல ஒரு சுத்து 3.7 கிமீ. முதல் செஷன் பெடிங், ரெண்டாவது செஷன் ஆறு லேப் முழு வேகம். வந்து ஜாக்கி போட்டு வீலைக் கழட்டி ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தோம். பச்சை பாதி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்துது, ஆரஞ்சு போட்டது போட்டபடி இருந்துது. 430 சுத்தி, 560க்கு நல்லா கீழ. அவன் பேட் 500 வரைக்கும். "அப்போ ரேஸ் பேட் வேண்டாமாண்ணா"ன்னான். இந்த டயர்ல வேண்டாம்டா, செமி ஸ்லிக் போடற அன்னைக்கு மறுபடி மூணு கோடு இழுத்துப் பாக்கலாம்னு சொன்னேன். பேக்கிங் பிரிக்காத ரெண்டாவது ஜோடி டிஸ்க் அவன் டிக்கிலயே இருக்கு.